கூம்பு ஒலிபெருக்கி கட்டும் இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

கூம்பு ஒலிபெருக்கி என்பது வாய் அகன்ற உலோகக் கூம்பின் வழியாக ஒலியை ஒரு திசை நோக்கிச் செலுத்தும் கருவி. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இதைக் குழாய் என்றும் ரேடியோ குழாய் என்றும் சொல்வார்கள். கோயில் பொங்கல், காதணி விழா, திருமணம், பொதுக்கூட்டம், துக்க வீடு என எல்லாவற்றுக்கும் மைக்செட்காரர்கள் இதை மரத்திலோ கம்பத்திலோ கட்டுகிறார்கள். ஒரே குழாய், ஒரே ஆம்ப்ளிஃபையர், ஒரே பாட்டு என்றாலும், கட்டும் இடத்தைப் பொறுத்து அது பேச்சைத் தெளிவாகக் கேட்க வைக்கலாம். ஊரையே தூங்கவிடாமலும் செய்யலாம். விருதுநகர் மாவட்டத்தில் எம். புதுப்பட்டி, சிவகாசி, சாத்தூர்ப் பகுதி ஊர்களின் விழாச் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒலிபெருக்கிக்கு இடம் தேர்வதற்கான அறிவியல் காரணங்களையும் நடைமுறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அமைப்பும் இயல்பும்

குழாயின் பின்புறம் திருகி மாட்டப்படும் பகுதிக்கு யூனிட் என்று பெயர். அதற்குள் ஒரு நிலைக்காந்தமும், மெல்லிய தகட்டோடு ஒட்டிய கம்பிச் சுருளும் இருக்கும். ஆம்ப்ளிஃபையரிலிருந்து வரும் மின்னோட்டம் சுருளை அசைக்கிறது. சுருள் தகட்டை அசைக்கிறது. சிறிய தகட்டின் அசைவு அப்படியே திறந்த வெளிக்கு வந்தால் காற்றை அதிகம் தள்ளாது. கூம்பு சிறிது சிறிதாக விரிந்துகொண்டே போவதால், தகட்டின் விசை வீணாகாமல் வெளிக்காற்றுக்குச் சேர்கிறது. சாதாரணப் பெட்டி ஒலிபெருக்கி, தான் பெறும் மின்னாற்றலில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கைத்தான் ஒலியாக்கும். கூம்பு அதைவிடப் பல மடங்கு ஒலியைத் தரும். மின்வசதி குறைவாக இருந்த காலத்தில் சிறிய ஆம்ப்ளிஃபையரைக் கொண்டே ஊர் முழுக்கக் கேட்க வைக்க முடிந்ததற்கு இதுவே காரணம்.

கூம்புக்குக் குறைகளும் உண்டு. தாழ்ந்த சுருதி ஒலிகளை அது சரியாகத் தராது. அதனால்தான் குழாயில் வரும் பாட்டு தகரத்தில் தட்டியது போல் ஒலிக்கிறது. உயர்ந்த சுருதி ஒலிகள் குழாயின் வாய் பார்க்கும் திசையில் மட்டும் குறுகிய கற்றையாகச் செல்கின்றன. பேச்சில் க், ச், ட், த், ப் போன்ற மெய்யொலிகளைத் தெளிவாக்குபவை அந்த உயர்ந்த ஒலிகளே. ஆகவே குழாய்க்கு நேரே நிற்பவருக்குச் சொல் புரியும். பக்கவாட்டில் நிற்பவருக்குச் சத்தம் மட்டும் கேட்கும், சொல் விளங்காது. இடத்தேர்வின் முதல் விதி இதிலிருந்தே கிடைக்கிறது: கேட்க வேண்டியவர் எங்கே இருக்கிறாரோ, குழாயின் வாய் அங்கே பார்க்க வேண்டும்.

வரலாறு

அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் 1915ஆம் ஆண்டு பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் என்ற இரு பொறியாளர்கள் பெருங்கூட்டத்தின் முன் கூம்பு பொருத்திய ஒலிபெருக்கியை இயக்கிக் காட்டினர். 1925இல் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகியோர் கூம்பு இல்லாமல் காகிதத் தாளை நேரடியாக அசைக்கும் ஒலிபெருக்கியை உருவாக்கினர். இன்றைய பெட்டி ஒலிபெருக்கிகள் இந்த இரண்டாவது வகையின் வழி வந்தவை.

இந்தியாவில் விடுதலைப் போராட்டக் காலக் காங்கிரசுக் கூட்டங்களுக்குப் பம்பாயைச் சேர்ந்த மோத்வானே குடும்பத்தின் சிகாகோ ரேடியோ நிறுவனம் ஒலிபெருக்கி அமைத்துக் கொடுத்தது. தமிழகக் கிராமங்களில் பஞ்சாயத்து ரேடியோவோடு குழாயும் வந்தது. பின்னர் இசைத்தட்டு, ஒலிநாடா என மாறி மாறி ஒலித்தாலும் குழாய் மாறவில்லை. தமிழ்க் கிராமத் திருவிழாவில் ஒலிநாடாவும் ஒலிபெருக்கியும் வழிபாட்டின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டதைப் பற்றி, பால் கிரீன் என்ற ஆய்வாளர் 1999இல் 'எத்னோமியூசிகாலஜி' என்னும் ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதியுள்ளார். குழாய் கட்டியிருந்தால்தான் விழா வீடு என்று அடையாளம் தெரியும் என்ற எண்ணம் இன்றும் நம் ஊர்களில் உண்டு. குழாயை ஊரை நோக்கித் திருப்பிக் கட்டும் வழக்கத்துக்கு அந்த எண்ணமே அடிப்படை.

தொலைவும் ஒலியின் அளவும்

ஒலியின் அளவை டெசிபல் என்ற அலகால் குறிக்கிறோம். ஒரு மீட்டர் தொலைவில் இருவர் இயல்பாகப் பேசிக்கொள்வது ஏறத்தாழ 60 டெசிபல். திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். ஆற்றலை, அதாவது வாட் அளவை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும்.

ஒரு வாட் ஆற்றலில் ஒரு மீட்டர் தொலைவில் 105 டெசிபல் தரும் ஒரு குழாயை எடுத்துக்கொள்வோம். அதற்கு 30 வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் ஏறத்தாழ 120 டெசிபல் வரும். குழாய்க்கு நேராக, தடையில்லாத வெளியில் அது குறைவது இப்படி:

1 மீட்டர் – 120 டெசிபல்
4 மீட்டர் – 108 டெசிபல்
16 மீட்டர் – 96 டெசிபல்
64 மீட்டர் – 84 டெசிபல்
128 மீட்டர் – 78 டெசிபல்
256 மீட்டர் – 72 டெசிபல்
512 மீட்டர் – 66 டெசிபல்

இந்தக் கணக்கு இரண்டு உண்மைகளைச் சொல்கிறது. ஒன்று, ஒரே குழாயை வைத்துக் கடைசி வரிசைக்குக் கேட்க வைக்க முயன்றால், முன்வரிசையில் இருப்பவரின் காது அடிபடுகிறது. செவிப் பாதுகாப்புக் கணக்கின்படி 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அதன்படி 100 டெசிபலுக்கு 15 நிமிடம்; 108 டெசிபலுக்கு இரண்டு மூன்று நிமிடங்கள்தான். மேடைக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் சிறு பிள்ளைகள் குழாயிலிருந்து நான்கு மீட்டரில்தான் இருப்பார்கள். இரண்டு, விழாத் திடலில் முடிய வேண்டிய ஒலி அரை கிலோமீட்டர் தாண்டியும் பேச்சை மிஞ்சும் அளவில் நிற்கிறது.

இதே 64 மீட்டர் திடலுக்கு வேறு ஓர் ஏற்பாட்டைப் பார்ப்போம். ஒரு வாட்டில் 90 டெசிபல் தரும் சிறிய பெட்டிகள் எட்டை, பக்கத்துக்கு நான்காக இரு ஓரங்களிலும் கட்டித் திடலின் உள்பக்கம் பார்க்க வைக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் 4 வாட். மொத்தம் 32 வாட். ஆம்ப்ளிஃபையருக்கு வேலை ஏறத்தாழ அதே அளவுதான். ஒவ்வொரு பெட்டியும் 2 மீட்டரில் 90 டெசிபலும், 8 மீட்டரில் 78 டெசிபலும் தரும். கூட்டத்தில் யார் எங்கே உட்கார்ந்தாலும் ஏதேனும் ஒரு பெட்டி அருகில் இருக்கும். 64 மீட்டர் வெளியே போனால் ஒரு பெட்டியின் ஒலி 60 டெசிபலாகக் குறைந்துவிடும். எட்டும் ஒருசேர வந்து சேர்ந்தாலும் 9 டெசிபல்தான் கூடும். குழாயின் 84 எங்கே, இந்த 69 எங்கே! ஒலியைப் பகிர்ந்து வைப்பது கேட்பவருக்கும் நல்லது, கேட்க விரும்பாதவருக்கும் நல்லது.

உயரமும் சாய்வும்

உயரமாகக் கட்டினால்தான் நன்றாகக் கேட்கும் என்ற நம்பிக்கை பாதி மட்டுமே சரி. குழாய் தலை மட்டத்தில் இருந்தால் முன்னால் நிற்பவர் உடல்கள் உயர்ந்த ஒலிகளைத் தடுத்துவிடும். எனவே 3 முதல் 4 மீட்டர் உயரம் தேவை. ஆனால் அந்த உயரத்தில் குழாயின் வாய் வானத்தையோ தொடுவானத்தையோ பார்த்தால், ஒலி கூட்டத்தின் தலைக்கு மேலே சென்றுவிடும்.

சாய்வைக் கணக்கிடுவது எளிது. குழாய் 4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தரையில் அமர்ந்தவர் காது ஏறத்தாழ 1 மீட்டரில் இருக்கிறது. கடைசி வரிசை 30 மீட்டரில் முடிகிறது. 30 மீட்டருக்கு 3 மீட்டர் இறக்கம் வேண்டும். அதாவது பத்துக்கு ஒன்று. கோணத்தில் சுமார் 6 பாகை. வாயைக் கீழே சாய்ப்பதால் மழை நீர் உள்ளே தங்காது என்பது கூடுதல் பயன்.

எதிரே வெறும் சுவர் இருந்தால் ஒலி திரும்பி வரும். சுவர் 17 மீட்டருக்கு மேல் தள்ளி இருந்தால் அது தனி எதிரொலியாகவே கேட்கும். சுண்ணாம்பு பூசிய பள்ளிக்கூடச் சுவர், கல்யாண மண்டபத்துச் சுவர், தகரக் கொட்டகை ஆகியவற்றுக்கு நேராகக் குழாயைத் திருப்பக் கூடாது. வேப்பமரம், கூரை, கூடியிருக்கும் மக்கள் ஆகியவை ஒலியைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். இவை எதிரே இருப்பது நல்லது.

இரண்டு குழாய்களுக்கு இடையிலான தாமதம்

நம் பகுதி வெயிலில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்கிறது. 70 மீட்டர் இடைவெளியில் இரண்டு குழாய்கள் ஒரே பேச்சை ஒலித்தால், ஒன்றின் அருகே நிற்பவருக்கு மற்றொன்றின் ஒலி 0.2 நொடி தாமதமாக வரும். பேசுபவர் நொடிக்கு நான்கைந்து அசைகளைச் சொல்வதால், அடுத்த அசை வரும்போது முந்தைய அசை வந்து மோதும். தேர்தல் கூட்டங்களில் தெரு நெடுகக் குழாய் கட்டியிருந்தும் ஒரு சொல்லும் விளங்காததற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஒரே ஒலி இரு முறை வரும்போது, இரண்டாவது சுமார் 0.03 நொடிக்குள் வந்துவிட்டால் காது அவற்றை ஒன்றாகவே கொள்ளும் என்று ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்முட் ஹாஸ் 1949இல் ஆராய்ந்து காட்டினார். 0.03 நொடி என்பது ஏறத்தாழ 10 மீட்டர் தூரம். அதனால் பெட்டிகளை நெருக்கமாக, குறைந்த ஒலியில் வைக்கலாம். அல்லது எல்லாக் குழாய்களையும் ஒரே கம்பத்தில் வெவ்வேறு திசை பார்க்கக் கட்டலாம். இரண்டு குழாய்களை எதிரெதிரே ஒன்றையொன்று பார்க்க வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான ஏற்பாடு.

மைக் கூவுதல்

குழாயின் ஒலி மைக்குக்குள் புகுந்து, மீண்டும் பெருகிக் குழாய்க்கு வந்து, மறுபடி மைக்குக்குள் புகுந்து சுற்றினால் காது கிழியும் விசில் எழும். இதைத் தடுக்க, மைக் எப்போதும் ஒலிபெருக்கிகளுக்குப் பின்னால் இருக்க வேண்டும். மேடைக்குப் பின்னால் குழாயைக் கட்டிவிட்டுச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருப்பதைவிட, குழாயை மேடைக்கு முன்னால் இரண்டு மூன்று மீட்டர் தள்ளிக் கட்டுவது மேல். பேசுபவர் மைக்குக்கு அருகில் வந்தால் ஒலியைக் கூட்டவே தேவையிருக்காது. பேசாதவர் முன் இருக்கும் மைக்குகளை அணைத்து வைக்க வேண்டும். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பானால், கூவாமல் வைக்கக்கூடிய ஒலி 3 டெசிபல் குறையும்.

காற்றும் வெப்பமும்

கரிசல் நிலம் பகலில் வெகுவாகச் சூடேறும். தரையை ஒட்டிய காற்று சூடாகவும் மேலே உள்ள காற்று குளிர்ச்சியாகவும் இருப்பதால், பகலில் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடுகிறது. இரவில் தரை குளிர்ந்து, மேலே உள்ள காற்று சற்றே சூடாக இருக்கும். அப்போது ஒலி கீழ்நோக்கி வளையும். அதனால்தான் பகலில் பக்கத்துத் தெருவைத் தாண்டாத பாட்டு, விடியற்காலையில் இரண்டு மூன்று ஊர் தாண்டிக் கேட்கிறது. காற்று வீசும் திசையிலும் ஒலி இதுபோலவே கீழே வளைந்து நெடுந்தொலைவு செல்லும்.

மாலையில் சரியாக இருந்த அளவு நள்ளிரவில் சரியாக இருக்காது என்பதே இதன் பொருள். பொழுது சாய்ந்த பின் ஆம்ப்ளிஃபையரின் ஒலியைக் குறைத்தாலும், கூட்டத்துக்கு முன்போலவே கேட்கும்.

யாரைக் கருதி இடம் தேர்வது

இப்பகுதியின் அம்மன் கோயில் பொங்கல் விழாக்கள் பெரும்பாலும் பங்குனி, சித்திரை மாதங்களில் வருகின்றன. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வுகளும் மார்ச், ஏப்ரல் மாதங்களிலேயே நடக்கின்றன. இரண்டு அறை வீட்டில், சன்னலுக்கு நேராகக் குழாய் இருக்கும்போது ஒரு பிள்ளை எப்படிப் படிக்கும்? கதவைச் சாத்தினாலும் சிறு வீட்டுக்குள் ஒலி சிறிதளவே குறையும். தேர்வுக்கு முந்தின இரவை அந்த மாணவருக்கு யாரும் திருப்பித் தர முடியாது.

பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளுக்கு விடிந்ததும் வேன் ஏறிச் செல்பவர்கள் இவ்வூர்களில் மிகுதி. அங்கே கையாள்வது உராய்வுக்கும் தட்டலுக்கும் தீப்பற்றும் மருந்து. தூக்கம் கெட்ட கண்ணோடும் தளர்ந்த கையோடும் செய்யக்கூடிய வேலை அது அன்று. கைக்குழந்தை உள்ள வீடு, நோயாளி உள்ள வீடு ஆகியவற்றையும் குழாய் கட்டுமுன் கேட்டறிய வேண்டும்.

சட்டமும் இதையே சொல்கிறது. ஒலி மாசு (ஒழுங்குபடுத்தல் மற்றும் கட்டுப்படுத்தல்) விதிகள், 2000 என்பவை இந்தியா முழுமைக்கும் பொருந்தும். அவற்றின் முக்கியக் கூறுகள்:

– எழுத்து மூலம் அனுமதி பெறாமல் ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது.
– இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் பயன்படுத்தக் கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் இரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம்.
– குடியிருப்புப் பகுதியின் வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். வணிகப் பகுதிக்கு 65, 55. அமைதி மண்டலத்துக்கு 50, 40.
– ஒலிபெருக்கி வைத்த பொது இடத்தின் எல்லையில், அப்பகுதியின் வரம்பைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது.

குடியிருப்புப் பகுதிக்கு இந்தக் கடைசிக் கூறின்படி பகல் எல்லை 65 டெசிபல். மேலே கணக்கிட்ட குழாய், 512 மீட்டர் தள்ளியும் 66 டெசிபல் தருகிறது என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2005 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, விரும்பாதவரைக் கேட்கும்படி கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை என்ற கருத்தை உறுதிப்படுத்தியது. விழாக்களுக்கு அனுமதி அளிக்கும்போது கூம்பு வடிவக் குழாய்க்குப் பதிலாகப் பெட்டிகளையே வைக்க வேண்டும் என்று காவல்துறை நிபந்தனை விதிப்பதும் உண்டு.

சிவகாசிப் பகுதியினர் பட்டாசுக்கான ஒலி வரம்பை அறிவார்கள்: வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல். பட்டாசின் ஒலி நொடிக்குள் அடங்கிவிடுகிறது. குழாய் அதே 4 மீட்டரில் 108 டெசிபலை நாள் முழுக்கத் தருகிறது. காதுக்கு அளவும் கணக்கு, நேரமும் கணக்கு.

மின் பாதுகாப்பு

ஒலிக்கு ஏற்ற இடமாக இருந்தாலும் மின்சாரத்துக்கு ஆகாத இடம் என்றால் அதை விட்டுவிட வேண்டும். மின்கம்பத்தில் குழாய் கட்டக் கூடாது. மேலே உயர் அழுத்தக் கம்பி செல்லும் இடத்தில் இரும்புக் குழாயை நட்டுத் தூக்குவது உயிரைப் பறிக்கும். கம்பியைத் தொடாமல் நெருங்கினாலே ஆபத்து. கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பது குற்றம். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு பெற வேண்டும், அல்லது ஜெனரேட்டர் வைக்க வேண்டும். மின்கசிவைக் கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவியும், நல்ல எர்த்தும் இருப்பது அவசியம். நெடுந்தொலைவுக்கு ஒலியை அனுப்பும் ஒயரில் 100 வோல்ட் வரை வருவதால், அதையும் மின்சார ஒயராகவே கருத வேண்டும். தோல் உரிந்த ஒயரை ஈரமரத்தில் சுற்றக் கூடாது. பட்டாசுக் கடை, கிடங்கு ஆகியவற்றின் அருகே தற்காலிக ஒயர் எதையும் இழுக்கக் கூடாது. ஒரு சிறு பொறி போதும்.

படகில் ஒலிபெருக்கி

தூத்துக்குடி, இராமேசுவரம் கடற்கரைகளில் வள்ளங்களிலும் நாட்டுப்படகுகளிலும் ஒலிபெருக்கி வைக்க நேர்ந்தால், நிலத்தில் இல்லாத ஒரு சிக்கல் எழும். யூனிட்டுக்குள் இருக்கும் வலிமையான காந்தம் திசைகாட்டியின் முள்ளை இழுக்கும். முள் சில பாகை விலகினாலே கரை திரும்பும் வழி தவறிப்போகும். குறைந்தது ஒரு மீட்டராவது தள்ளி வைத்து, அருகில் கொண்டுவரும்போதும் எடுக்கும்போதும் முள் அசைகிறதா என்று பார்த்த பிறகே பொருத்த வேண்டும். ஒயர்கள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிச் செலுத்தினால் அவற்றின் காந்தப்புலம் பெரும்பாலும் ஒன்றையொன்று நீக்கிவிடும்.

பாய்மரப் படகில் பாயும் கயிறும் வீசி அடிக்கும் இடத்தையும், கால் வைத்து ஏறும் இடத்தையும் தவிர்க்க வேண்டும். சுக்கான் பிடிப்பவருக்கு அருகே, தாழ்வாக, வாய் கீழ்நோக்கிச் சாய்ந்தபடி இரண்டு சிறிய ஒலிபெருக்கிகள் போதும். மற்றொரு படகின் ஹாரனும், உடன் இருப்பவரின் குரலும் கேட்கும் அளவில்தான் பாட்டு ஒலிக்க வேண்டும். உப்புக் காற்று இரும்பை அரித்துவிடுவதால் பிளாஸ்டிக் உடலும் துருப்பிடிக்காத திருகுகளும் ஏற்றவை.

இடம் தேர்வு செய்யும் முறை

1. கேட்க வேண்டியவர்கள் அமரும் இடத்தை ஒரு தாளில் வரைந்துகொள்ள வேண்டும்.
2. அருகில் உள்ள பள்ளி, மருத்துவமனை, படிக்கும் பிள்ளைகள், நோயாளிகள் உள்ள வீடுகளைக் குறிக்க வேண்டும்.
3. மின்கம்பி, மின்கம்பம், பட்டாசுக் கடை ஆகியவற்றைக் குறித்து அந்த இடங்களை நீக்க வேண்டும்.
4. மைக் வைக்கும் இடத்தை முடிவு செய்து, ஒலிபெருக்கிகளை அதற்கு முன்னால் அமைக்க வேண்டும்.
5. எல்லா ஒலிபெருக்கியும் வெளியிலிருந்து உள்நோக்கி, சற்றுக் கீழே சாய்ந்து பார்க்க வேண்டும்.
6. ஒருவர் பேச, மற்றொருவர் கடைசி வரிசை வரை நடந்து கேட்க வேண்டும். சொல் புரிகிற அளவு வந்ததும் நிறுத்திவிட வேண்டும்.
7. திடலின் எல்லையிலும், குறித்துவைத்த வீட்டு வாசலிலும் ஒருமுறை நின்று கேட்க வேண்டும்.

மாணவர்கள் செய்து பார்க்க

கைப்பேசியில் ஒலியளவு காட்டும் செயலியைத் தரவிறக்கி, பள்ளி மைதானத்தில் ஒரு பெட்டியின் முன் 2, 4, 8, 16 மீட்டரில் நின்று அளவுகளைக் குறிக்கலாம். கைப்பேசியின் அளவு துல்லியமானது அன்று. ஆனால் வேறுபாட்டைக் காண அது போதும். ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். குறையவில்லை என்றால் அருகில் ஒலியைத் திருப்பும் சுவர் இருக்கிறதா என்று தேட வேண்டும். பின்பு அதே தொலைவில் பெட்டியின் பக்கவாட்டில் நின்று, ஒருவர் படிக்கும் இருபது சொற்களில் எத்தனை விளங்கின என்று எழுதி, நேரே நின்றபோது விளங்கிய எண்ணிக்கையோடு ஒப்பிடலாம். பத்தாம் வகுப்பின் ஒலியியல் பாடத்தில் படிக்கும் எதிரொலிக்கும் எதிரொலிப்புக்கும் இதைவிட எளிய செய்முறை இல்லை. முடிவுகளை ஊர் விழாக் குழுவினரிடம் காட்டி, அடுத்த விழாவில் ஒலிபெருக்கியை எங்கே வைக்கலாம் என்று மாணவர்களே வரைபடம் தரலாம்.